கயிற்றுக்கு இந்தப் பக்கம்

மொலோகாய்த் தீவு, கிழக்குக் கரை
மே 2

அக்கா,

இது சமாதானக் கடிதம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் உன் ஊர்க் கடற்கரையில், அத்தனை சொந்தக்காரர்களுக்கு முன்னால், நான் வீச்சு வலையோடு தண்ணீரில் இறங்கப் போனபோது நீ குறுக்கே கயிறு கட்டினாய். "உனக்குத் தம்பி முக்கியமா, கரையில படுத்திருக்கிற இந்தக் கொழுத்த கடல்நாய் முக்கியமா?" என்று கேட்டேன். "இன்னிக்கு நாய்தான்டா" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுநாள் காலை விமானம் ஏறினேன். இன்னும் சிரிக்கவில்லை.

எழுதுவது ஒரு கேள்விக்காக மட்டும். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றதிலிருந்து மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடல்நாய்களுக்குக் காவல் இருக்கிறாயே, உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு கடல்நாயைக் கரையிலிருந்து எப்படிக் கிளப்புவது?

நேற்றுக் காலை வீட்டுக்கு எதிரே உள்ள மணலில் ஒன்று ஏறிக் கிடந்தது. பெரிய உருப்படி. மத்தியானம் போய்ப் பார்த்தால் பக்கத்தில் கரிமூட்டை மாதிரி இன்னொன்று. குட்டி போட்டிருக்கிறது. எங்கே தெரியுமா? பன்றி சுட நான் தோண்டி வைத்திருக்கிற குழிக்குப் பக்கத்தில். ஒரு வாரம் முதுகு ஒடிய வெட்டிய குழி. மலையிலிருந்து கருங்கல் சுமந்து வந்து அடியில் பரப்பி வைத்திருக்கிறேன்.

ஜூன் 14 சனிக்கிழமை என் பேத்தி ஏஹுவுக்கு முதல் பிறந்தநாள் விருந்து. தீவில் பாதிப் பேர் வருவார்கள். அதற்குள் இது போக வேண்டும். கூட்டாளி பிலிப்போ, "நாலு பேர் தகரத்தைத் தட்டிக்கிட்டுப் போனா ஓடிடும் மச்சான்" என்கிறான். என் மனைவி ஹோக்கு, "உங்க அக்காவைக் கேக்காம ஒரு தகரத்தையும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பதில் சுருக்கமாக இருக்கட்டும்.

கனியேலா

* * *

கவாய்த் தீவு
மே 7

டேய் கனி,

சுருக்கமான பதில்: கிளப்ப முடியாது.

நீளமான பதிலையும் எழுதத்தான் போகிறேன். போனில் என்றால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரிப்பில் பாதி புரியவில்லை. இங்கே என்னோடு காவல் இருக்கிறவர்கள் வருஷக் கணக்காகக் காத்துக் கிடக்கிறார்கள், ஒரு பிரசவத்தைப் பார்க்க. அந்தப் பெண் எங்களையெல்லாம் விட்டுவிட்டு, தீவு தீவாகத் தேடி, கடல்நாயைக் கண்டாலே காறித் துப்புகிற ஒருவன் வாசலில் போய்ப் பெற்றிருக்கிறாள்! என்ன தைரியம் அவளுக்கு!

கேள். அவள் ஆறு வாரம் அங்கேதான் இருப்பாள், கொஞ்சம் முன்னே பின்னே. அதுவரை ஒரு மீன்கூடத் தின்னமாட்டாள். தன் உடம்பில் இருக்கிற கொழுப்பையெல்லாம் பாலாக்கிக் குட்டிக்குக் கொடுப்பாள். குட்டி பூசணிக்காய் மாதிரி ஊதும், இவள் எலும்பாவாள். உலகம் முழுக்கத் தேடினாலும் இந்த வகையில் மிஞ்சியிருப்பது ஆயிரத்துச் சொச்சம்தான். அதில் ஒன்று உன் வாசலில் பிறந்திருக்கிறது. தகரம் தட்டினால் அவள் பயந்து கடலுக்குள் போய்விடலாம், குட்டியை விட்டுவிட்டு. தவிர அது சட்டப்படி குற்றம்.

செய்ய வேண்டியது: நாலா பக்கமும் கழி நட்டுக் கயிறு கட்டு. நீ ஐம்பது எட்டு வைக்கிற தூரமாவது விட்டுக் கட்டு. நாய்களைக் கட்டிப் போடச் சொல். அந்தப் பக்கம் யாரும் நீந்தக் கூடாது, குட்டிக்காரி கடிப்பாள். கடல் உயிர்க் காப்பு அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், இன்றே தகவல் சொல். அவள் தண்ணீரில் இறங்குகிற நேரம் பார்த்து அந்தக் குழியை மூடிவிடு. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம், பிலிப்போ கட்டாயம் சொல்வான், "நம்ம சின்ன வயசுல இதெல்லாம் ஏது? கவர்மென்ட் கொண்டாந்து விட்டது" என்று. அவனிடம் கேள்: அப்படியானால் கொந்தளிக்கிற தண்ணீரில் ஓடுகிற நாய் என்று நம் மொழியிலேயே அதற்குப் பெயர் எப்படி வந்தது? கவர்மென்ட்டா வைத்தது?

ஏஹுவுக்கு முதல் பிறந்தநாள் விருந்து என்று ஒரு கடல்நாய் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

மாபுவானா

* * *

மொலோகாய்
மே 13

அக்கா,

கயிறு கட்டிவிட்டேன். உனக்காக இல்லை. கூட்டம் சேர்ந்து குட்டி மிதிபட்டுச் செத்தால் விருந்துக்கு முன் வீட்டு வாசலில் சாவு விழுந்த மாதிரி ஆகும். அதற்காக.

நீ அன்று கட்டினது மாதிரி மஞ்சள் கயிறு இங்கே கிடைக்காது. பழைய வலையின் மேல்கயிற்றை உருவிக் கட்டினேன், மிதவைகளோடு. தூரத்திலிருந்து பார்த்தால் தோரணம் மாதிரி இருக்கிறது என்று ஹோக்கு சொல்கிறாள். அலுவலகத்துக்கும் சொல்லியாயிற்று. வீட்டில் போன் எடுக்காது, மேட்டு வளைவில் ஏறி நின்றால்தான் எடுக்கும். ஒரு பெண் பேசினாள். அடுத்த தீவிலிருந்து ஆள் வந்து பார்க்கச் சில நாளாகுமாம். "அதுவரைக்கும் நீங்கதான் எங்க ஆள், அங்கிள்" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கேட்கவில்லை.

குழியை மூடச் சொன்னாய். மூன்று தரம் போனேன். குட்டிக்காரி தண்ணீரில் இறங்கினாலும் கரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. நான் கயிற்றைத் தாண்டினதும் அலையோடு அலையாக மணலில் மோதி வருகிறாள். அவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு அந்த வேகம் எப்படி வருகிறது? மண்வெட்டி இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. முதல் முறையே போட்டுவிட்டு ஓடிவந்தேன். அடுத்த இரண்டு முறையும் மண்வெட்டியை எடுக்கப் போனது.

பிலிப்போ தினமும் சாயங்காலம் லாரியை நிறுத்தி, அதன் மேல் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டு கிண்டல் செய்கிறான். "என்ன மச்சான், உன் ரெண்டாம் சம்சாரம் இன்னும் பிறந்த வீட்டுக்குப் போகலையா?" பெயர் விஷயத்தைக் கேட்டேன். "உங்க அக்கா வாயில விழுந்தா எவன் தப்பிப்பான்" என்றான். பதில் சொல்லவில்லை என்பதைக் கவனி.

நேற்று யாரோ புதிதாக ஒரு தம்பதி வந்தார்கள். கயிற்றருகே நின்று, "செத்துப்போச்சா?" என்று கேட்டார்கள். எல்லாருமே இதைத்தான் கேட்கிறார்கள். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "தூங்குது. நீங்க தூங்கறப்ப வந்து நான் கேட்டா எப்படி இருக்கும்?" என்றேன்.

குட்டி ஆடு மாதிரிக் கத்துகிறது. 'மா... மா...' என்று. தொட்டிலில் இருந்து ஏஹுவும் அதே சத்தம் போடுகிறாள். வீட்டில் யார் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியவில்லை.

நான் உன்னைப் போல் ஆகவில்லை.

கனியேலா

* * *

கவாய்
மே 19

கனி,

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். உள்ளே நாலு அறிவிப்புப் பலகைகள், நிஜ மஞ்சள் கயிறு ஒரு சுருள், 'காவல் தொண்டர்' என்று முதுகில் எழுதின சட்டை ஒன்று. இருப்பதிலேயே பெரிய அளவு. போட்டால் போடு, போடாவிட்டால் வண்டி துடை.

"செத்துப்போச்சா?" பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு இங்கே எல்லாரும் கையைத் தட்டினார்கள். எங்களுக்கு அதுதான் காலை வணக்கம். நான் இப்போதெல்லாம் "இல்ல, நேத்து ராத்திரி எங்களோட சீட்டு ஆடித் தோத்துட்டு அலுப்புல தூங்குது" என்கிறேன்.

ஒன்று சொல்லட்டுமா? பேருந்தை ஒப்படைத்த மறுநாள் காலை வழக்கம் போல நாலரை மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். போக இடமில்லை. இத்தனை வருஷம் பின்னால் அறுபது பிள்ளைகள் கத்தினார்கள், நான் 'உட்காருங்கடா, உட்காருங்கடி' என்று கத்தினேன். திடீரென்று வீடு அத்தனை அமைதி. கடற்கரைக்கு நடந்தேன். ஒரு கடல்நாய் படுத்திருந்தது. நாலைந்து பேர் அதன் மூஞ்சிக்கு நேரே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் வாயிலிருந்து தானாக வந்தது: "பின்னால போங்க! எல்லாரும் பின்னால போங்க!" அத்தனை பேரும் போனார்கள், கனி. அவ்வளவுதான். அன்றிலிருந்து இருக்கிறேன்.

அன்றைக்கு உன்னிடமும் அந்தக் குரலில்தான் பேசிவிட்டேன். நீ பேருந்துப் பையன் இல்லை, என் தம்பி. கயிறு கட்டினது சரி. அந்தக் குரல் வேண்டியிருக்கவில்லை.

குழியை நினைத்தால் எனக்கு இன்னும் நிம்மதியாக இல்லை.

அக்கா

* * *

மொலோகாய்
மே 30

அக்கா,

குட்டி நன்றாக இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவுவாய். இனி வரிசையாகப் படி.

நேற்று உச்சி வெயில். நான் வீட்டில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தேன். குட்டிக்காரி கத்துகிற சத்தம் கேட்டது. இதுவரை அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஓடினேன். மணலில் அவள் மட்டும் அங்குமிங்கும் புரண்டுகொண்டிருக்கிறாள். குட்டியைக் காணோம். 'மா... மா...' சத்தம் மட்டும் வருகிறது, தரைக்குள்ளிருந்து.

நீ பயந்ததே நடந்துவிட்டது. குழிக்குள் விழுந்திருந்தது.

என் இடுப்பளவு ஆழம். சுற்றிலும் செங்குத்து. அடியில் என் கருங்கல். வெயிலில் அந்தக் கல் எப்படிச் சுடும் என்று உனக்குத் தெரியும். குட்டி ஏறப் பார்க்கிறது, மணல் சரிகிறது, திரும்பக் கல்லில் விழுகிறது. ஏறப் பார்க்கிறது, விழுகிறது. எனக்கு உள்ளே குதித்துத் தூக்கிவிட வேண்டும் போலக் கை துடித்தது. அதற்குள் ஹோக்கு மேட்டு வளைவுக்கு ஓடி அலுவலகத்துப் பெண்ணைப் பிடித்துவிட்டாள். அவள் சொன்னதை ஹோக்கு அங்கிருந்து கத்த, வழியில் நின்ற என் மகள் கலேனா அதைக் கேட்டு எனக்குக் கத்தினாள்.

"அப்பா! தொடக் கூடாதாம்! கையால தூக்கவே கூடாதாம்!"

"அப்ப என்ன செய்யறதாம்?"

மேட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது பதில். "படகைப் போடச் சொல்றாங்க!"

"படகையா? குழிக்குள்ளயா?"

"படகுதான்! சாய்வா வைக்கணுமாம்!"

"என் படகு பதினெட்டு அடிடி!"

மேட்டில் ஹோக்கு குதித்துக் குதித்துக் கத்துவது தெரிந்தது. கலேனா கையைக் காதில் குவித்துக் கேட்டாள். "பலகை! அப்பா, பலகை! அதுவா ஏறி வர மாதிரி பலகையைச் சாய்வா வச்சுட்டு ஓடி வந்துடணுமாம்!"

பலகைக்கு எங்கே போவது என்று திரும்பினால், பிலிப்போ ஒரு கதவோடு ஓடி வருகிறான். சத்தம் கேட்டுத் தன் வீட்டுக் குளியலறைக் கதவைப் பெயர்த்துவிட்டான். அப்போது அவன் மனைவி உள்ளே இருந்தாளா என்று நான் கேட்கவில்லை. பின்னால் வந்த வசவை வைத்துப் பார்த்தால் இருந்தாள்.

"டே, நீ எதுக்குடா வர்ற? தகரம் தட்டணும்னவன்தானே?" என்றேன்.

"வாயை மூடிட்டு அந்த முனையைப் பிடி" என்றான்.

கடல் பக்கம் அவள் இருந்ததால் புதர்ப் பக்கமாக வயிற்றால் ஊர்ந்து போனோம். இரண்டு தொப்பைகளும் ஒரு கதவும். விளிம்பு வரை போய், கதவை மெல்ல உள்ளே இறக்கினோம். குட்டி எங்களை அண்ணாந்து பார்த்தது, அக்கா. கண்ணைச் சுற்றி ஈரம். அந்தக் கண்ணைப் பார்த்தபடி கையை நீட்டாமல் இருந்தது என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை.

அந்த நேரம் குட்டிக்காரி எங்களைப் பார்த்துவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு வந்தாள் பார். நான் புதருக்குள் பாய்ந்தேன். பிலிப்போ பக்கத்தில் நின்ற சீமைக்கருவேல மரத்தில் ஏறிவிட்டான். ஆமாம், முள்மரம்தான். அந்த வயிற்றோடு எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது.

குட்டி கதவில் பாதி ஏறிச் சறுக்கியது. மறுபடி ஏறியது, சறுக்கியது. தாய் விளிம்பில் வந்து நின்று, கத்தாமல், தொண்டைக்குள்ளேயே ஏதோ பேசினாள். மூன்றாம் முறை குட்டி கதவு விளிம்பைத் தாடையால் கொக்கி போட்டு, அந்தக் குண்டு உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, வெளியே வந்து விழுந்தது. நேரே அம்மாவின் மடியைத் தேடிப் போனது.

மரத்தின் மேலிருந்து குரல் வந்தது.

"மச்சான், வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அம்மாகிட்டப் போச்சா?"

"போச்சு."

"பால் குடிக்குதா?"

"இறங்கி வந்து நீயே பாரேன்டா."

"இறங்க முடியல மச்சான்."

அவனுக்கு முள் எடுக்கச் சாயங்காலம் வரை ஆயிற்று. அவன் மனைவிதான் எடுத்தாள். கதவில்லாத கோபத்தோடு எடுத்தாள். அப்புறம் தாயும் குட்டியும் சேர்ந்து தண்ணீரில் இறங்கி அந்தக் கோடி வரை நீந்திப் போனபோது, நானும் கலேனாவும் ஓடிப் போய்க் குழியை மூடினோம். கதவும் உள்ளே போய்விட்டது. பன்றி சுடப் புதுக் குழி, பிலிப்போ வீட்டுக் கொல்லையில். அவனே சொன்னான்.

விருந்தைக் கரையில் வைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவள் போகிற மாதிரி இல்லை. நீ வந்து சொன்னால் தேவலை.

ஹோக்கு உன்னை அழைக்கச் சொன்னாள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். நான்தான் அழைக்கிறேன். ஏஹு உன்னைப் பார்த்ததே இல்லை. வா அக்கா.

கனி

சட்டை சரியாக இருக்கிறது. தோளில் கொஞ்சம் பிடிக்கிறது.

* * *

கவாய்
ஜூன் 4

கனி,

உன் கடிதத்தைக் கடற்கரையில் எல்லாருக்கும் உரக்கப் படித்தேன். "இறங்க முடியல மச்சான்" வந்த இடத்தில் எங்கள் கடல்நாயே தலையைத் தூக்கிப் பார்த்தது. கடைசிப் பத்தியை மட்டும் நான் தனியாகப் படித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை விமானம். விருந்து கரையிலேயே நடக்கட்டும். கயிற்றுக்கு இந்தப் பக்கம், வீட்டை ஒட்டி. ஒலிபெருக்கி கிடையாது. யாரும் கத்தக் கூடாது. நம் ஆட்களால் முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

அக்கா

* * *

கவாய்
ஜூன் 17

அன்புள்ள கனி, ஹோக்கு, கலேனா, என் ஏஹுக் குட்டி,

வந்து சேர்ந்துவிட்டேன். கட்டிக் கொடுத்த பன்றிக் கறியும் சேப்பங்கிழங்குக் கூழும் விமானத்திலேயே தீர்ந்தன. பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார், பாவம்.

கனி, காவல் நாற்காலியில் நான் உட்காருகிறேன், நீ உன் பேத்தியோடு இரு என்று சொன்னதற்கு நீ எத்தனை சண்டை போட்டாய்! "அது என் காவல்" என்றாயே. போன வருஷம் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.

நான் விருந்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். ஆனால் எல்லாம் கேட்டது. இருநூறு பேர் கிசுகிசுவென்று பேசினால் அது தென்னந்தோப்பில் காற்று போகிற மாதிரி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. உக்குலேலேயை அத்தனை மெல்ல வாசித்து நான் கேட்டதில்லை. ஹோக்குவின் மாமா, பிறந்ததிலிருந்து மெல்லப் பேசி அறியாதவர், வாழ்த்துரையை ரகசியம் மாதிரிச் சொன்னாரே! "ஏஹு... நூறு வருஷம்... இருக்கணும்..." என்று. யாரோ பின்னாலிருந்து, "கேக்கல மாமா" என்றார்கள். "சத்தமாச் சொன்னா அக்கா அடிக்கும்" என்றார்.

கேக் வெட்டுகிற நேரத்தில் ஏஹு மிரண்டு 'மா...' என்று அழுதாளா, உடனே மணலில் இருந்து கடல்நாய்க் குட்டி 'மா...' என்றது. அவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள். மறுபடி 'மா...' என்றாள். இதுவும் 'மா...' இருநூறு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிலிப்போ சட்டையைக் கடித்துக்கொண்டு சிரித்தான் என்று கலேனா சொன்னாள்.

இனி ஒன்று. நான் விடியுமுன்னே விமானத்துக்குக் கிளம்பிவிட்டேன், நீ இதற்குள் தெரிந்துகொண்டிருப்பாய். வெயில் தாழ்ந்து, ஆட்டம் தொடங்கி, நீங்கள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, குட்டிக்காரி எழுந்தாள். இடுப்பெலும்பு தெரிந்தது அவளுக்கு. குட்டியின் மூஞ்சியில் தன் மூஞ்சியை வைத்தாள். குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குப் போனாள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அலை உடைகிற பவளப்பாருக்கு அப்பால் ஒருமுறை தலை தெரிந்தது. அவ்வளவுதான். அவள் வேலை முடிந்தது. இனி வரமாட்டாள்.

உன்னைக் கூப்பிட எழுந்தேன். நீ ஏஹுவைத் தோளில் வைத்துக்கொண்டு, அந்தச் சட்டையோடு, கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாய். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். காலையில் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

அக்கா

* * *

மொலோகாய்
ஜூன் 23

அக்கா,

காலையில் தெரிந்தது.

குட்டி தண்ணீர் ஓரம் போய் உட்கார்ந்து இரண்டு நாள் அம்மாவைக் கூப்பிட்டது. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அது கூப்பிடும்போதெல்லாம் ஏஹு வீட்டுக்குள்ளிருந்து பதில் கொடுத்தாள். என்னால் சாப்பிட முடியவில்லை. ஹோக்கு, "கலேனா பள்ளிக்கூடம் போன முதல் நாளும் இப்படித்தான் உக்காந்திருந்தீங்க" என்றாள்.

மூன்றாம் நாள் பிலிப்போ ஒரு வாளியோடு வந்தான். மூடி போட்டிருந்தான். முகத்தைப் பார்த்தாலே திருட்டுத்தனம் தெரிந்தது.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு மீன்."

"ரெண்டா?"

திறந்து பார்த்தால் வாளி நிறைய மீன். அவன் அன்று பிடித்தது முழுவதும். கடல்நாய் தின்றுவிடுகிறது, கடல்நாய் தின்றுவிடுகிறது என்று இத்தனை வருஷம் புலம்பின அதே ஆள். "பசிக்கும்ல மச்சான், குட்டி" என்கிறான்.

எனக்கும் அதே எண்ணம் வந்திருந்தது என்பதை அவனிடம் சொல்லவில்லை. "கையால போட்டா அப்புறம் மனுஷன் கையையே பாத்துக்கிட்டு இருக்கும். தானா தேடக் கத்துக்காது. கொண்டு போடா" என்றேன். உன் குரலில் சொன்னேன். கொண்டு போனான். ஆனால் சொல், நான் செய்தது சரியா? அது மெலிகிறது.

அலுவலகத்து ஆட்கள் வந்து பின் துடுப்பில் அடையாள வில்லை மாட்டிவிட்டுப் போனார்கள். பெண் குட்டியாம்.

கனி

* * *

கவாய்
ஜூன் 28

கனி,

சரி. நூறு தரம் சரி.

அவள் ஆறு வாரம் பட்டினி கிடந்து ஊட்டிய பால் அது. குட்டி இன்னும் ரொம்ப நாள் அந்தக் கொழுப்பில் தாங்கும். அதற்குள் ஆழமில்லாத தண்ணீரில் எதையாவது கவ்வும், துப்பும், மறுபடி கவ்வும். முதலில் குச்சி, பாசி, அப்புறம் கடல் அட்டை. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: உட்கார்ந்திரு. இந்த வேலையில் அதைவிடக் கடினம் எதுவும் இல்லை என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

பிலிப்போவை நான் விசாரித்ததாகச் சொல். முள் குத்தின இடத்தையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

* * *

மொலோகாய்
ஜூலை 14

அக்கா! அக்கா!

இன்று காலை நடந்ததை இப்போதே எழுதுகிறேன், கை இன்னும் ஈரம்.

கடல் வற்றியிருந்தது. நான், பிலிப்போ, இந்தக் கரையில் வலை போடுகிற இன்னும் ஆறு பேர், எல்லாரும் படகுகளைத் தள்ளிக்கொண்டிருந்தோம். குட்டி பாருக்கு உள்பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. இந்த வாரம் முழுவதும் அப்படித்தான், கடல் அட்டையைக் கவ்வுவதும் பிடிக்காமல் துப்புவதும். தண்ணீருக்குள் தலையை விட்டது. ரொம்ப நேரம் காணோம். நான் படகை விட்டுவிட்டேன். மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

எழும்பியது. வாயில் ஒரு விலாங்கு!

என் கை நீளம் இருக்கும். அது துள்ளிக் குட்டியின் கழுத்தைச் சுற்றுகிறது. இது தலையை அடிக்கிறது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "விடாதே!" என்று பிலிப்போ கத்தினான். "கழுத்தைப் பிடி! கழுத்தைப் பிடிடி தங்கம்!" நாங்கள் எல்லாரும் கத்தினோம். வாழ்நாள் முழுக்க மீன் பிடித்த எட்டுப் பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மீன் பிடிப்பது எப்படி என்று ஒரு கடல்நாய்க்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருமுறை நழுவ விட்டது. எட்டுப் பேரும் தலையில் கை வைத்தோம். மறுபடி முங்கிப் பிடித்தது. இந்த முறை கழுத்தில். ஒரு உதறு, இரண்டு உதறு, உள்ளே போய்விட்டது.

நீ அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். விருந்தன்று அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினோம். ஹோக்கு யாரோ மூழ்கிவிட்டார்கள் என்று ஏஹுவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பிலிப்போ என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். கேட்டால் உப்புத் தண்ணீர் என்பான்.

அப்புறம் அது எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாரில் தண்ணீர் உடைகிற இடத்துக்கு நேராகப் போனது. அங்கே எப்போதும் கொந்தளிப்பு, நாங்களே படகை அந்த வழி விடமாட்டோம். அது உள்ளே நுழைந்து, ஒரு அலைக்குள் கறுப்பாகத் தெரிந்து, மறுபக்கம் எழும்பி, போய்விட்டது.

நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்று கையை இறக்கிக்கொண்டு பக்கத்தில் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லார் கையும் மேலே இருந்தது.

உன் தம்பி,
கனி